மலையகத்து ஈரத்தைத் தாங்கும் மந்திரக் கொப்பி: தைக்கும் முறையும் மை காய்ச்சும் முறையும்

மந்திரம், எந்திரம், மூலிகைக் குறிப்பு, பார்த்த பரிகாரம், அதன் பலன் எல்லாவற்றையும் எழுதிவைக்கத் தன் கையாலேயே ஒரு கொப்பி தைத்து, அதில் எழுதும் மையையும் தானே காய்ச்ச நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பூசாரிமார் பலரிடம் தாத்தா காலத்துக் கொப்பி ஒன்று இருக்கும். எடுத்துப் பார்த்தால் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், மீதியில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். எழுதினவர் அக்கறை இல்லாதவர் அல்ல. கொப்பியும் மையும் இந்த மலைக் குளிருக்கு ஏற்றவையாக இருக்கவில்லை.

இப்போது இளைஞர்கள் பலர் இணையம் வழியாக இதற்குள் வருகிறார்கள். ஜெரல்ட் கார்ட்னர் இங்கிலாந்தில் பரப்பிய ‘விக்கா’ என்ற நவீன மாந்திரீக வழியில் ‘புக் ஒஃப் ஷடோஸ்’ என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தேடினால் கிடைக்கும் செய்முறைகளில் பசை போட்டு ஒட்டிய தடித்த தோல் அட்டையும், தேன் கலந்த மையும், ‘டிராகன்ஸ் பிளட்’ பிசினும் வரும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, சாராயச் சத்தில்தான் கரையும். பசையும் தேனும் நுவரெலியாவில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்குத் தீனியாகிவிடும். ஆகவே இரண்டே விதி: கொப்பியில் பசை வேண்டாம், மையில் இனிப்பு வேண்டாம்.

எப்போது தொடங்குவது

நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் அதோடு காற்றையும் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தை பிறந்து பங்குனி வரைக்கும் வெயில் நிற்கும். பதுளை, பண்டாரவளை பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும். தேயிலைக்கு நல்ல மணம் ஏறும் அதே பருவம்தான் கடதாசிக்கும் நல்லது. தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன் பக்கத்தில் கொப்பி தைத்தால், கடதாசி ஈரத்தில் உப்பிய நிலையில் தைப்பதாகிவிடும். பிறகு காயும்போது தாள் சுருங்கித் தையல் தளரும். மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டுமென்றால், கடதாசியை அடுப்படியில், நெருப்பு எட்டாத உயரத்தில் இரண்டு நாள் பரப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கொப்பி தைத்தல்

தேவையானவை: 100 அல்லது 120 கிராம் தடிப்புள்ள ஏ4 கடதாசி 25 தாள், அட்டைக்கு உறுதியான பழுப்புக் கடதாசி அல்லது மெல்லிய தோல், செருப்புத் தைக்கும் நூல் ஒன்றரை மீற்றர், தேன்மெழுகு ஒரு துண்டு, குத்தூசி, மொட்டை முனை ஊசி, அடிமட்டம். தேயிலைத்தூள் அடைத்து வரும் பல மடிப்புக் கடதாசிச் சாக்கு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். அதை இரட்டையாக மடித்தால் அட்டைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை, ஈரத்துக்கும் கொஞ்சம் தாங்கும். பிரிஸ்டல் போர்ட் வேண்டாம், மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும்.

கடதாசி வாங்கும்போது ஒரு தாளைக் கேட்டு வாங்கி, நகத்தால் ஒரு சொட்டுத் தேத்தண்ணி வைத்துப் பாருங்கள். சொட்டு உருண்டை கலையாமல் நின்று மெல்ல ஊறினால் மை பிடிக்கும். உடனே நாலாபக்கமும் வேர் விட்டு ஓடினால் எழுத்தும் அப்படித்தான் ஓடும். கண்டியிலும் பின்னவலையிலும் விற்கிற யானைச் சாணக் கடதாசி பார்க்க அழகு. ஆனால் மை ஊறிப் பரவும். அதில்தான் எழுதுவேன் என்றால், ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அரிசி மா போட்டுக் காய்ச்சிய மெல்லிய கஞ்சியில் சிட்டிகை படிகாரம் கலந்து, இரண்டு பக்கமும் தூரிகையால் தடவி நன்றாகக் காயவிடுங்கள். கஞ்சி பூச்சியை இழுக்கும், அதனால் இதைத் தனித்தாளுக்கு மட்டும் செய்வது நல்லது.

1. ஐந்து ஐந்து தாளாகச் சேர்த்து நடுவில் மடித்து, மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். இப்படி ஐந்து கட்டு வரும், மொத்தம் 100 பக்கம். பாரமான ஒன்றின் கீழ் ஓர் இரவு வையுங்கள்.

2. ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும் மேலிருந்து 20, 75, 135, 190 மில்லிமீற்றரில் துளை போடுங்கள். முதற் கட்டில் அளந்து போட்டதும் அதையே அச்சாக வைத்து மற்றவற்றைக் குத்துங்கள். ஒவ்வொன்றையும் தனியாக அளந்தால் ஒரு மில்லிமீற்றர் தவறும், கொப்பி கோணும்.

3. அட்டையை 216 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டுங்கள். அகலம்: முன் பக்கம் 150, முதுகு 12, பின் பக்கம் 150, அதன்பின் முன்னால் மடித்து மூட 70. முதுகில் 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு துளை. கட்டை அட்டையின் நடுவே மேலும் கீழும் 3 மில்லிமீற்றர் விட்டு வைத்து, அதன் துளைகளுக்கு நேராகக் குறியுங்கள்.

4. நூலை இரண்டு முறை தேன்மெழுகில் இழுத்து எடுங்கள். அட்டையின் முதல் வரிசையோடு முதற் கட்டைச் சேர்த்துப் பிடித்து, இரண்டின் முதல் துளைக்குள்ளும் வெளியிலிருந்து ஊசியை விடுங்கள். வெளியே ஒரு சாண் நூல் தொங்கட்டும். உள்ளே போய் இரண்டாம் துளையால் வெளியே, மூன்றாம் துளையால் உள்ளே, நான்காம் துளையால் வெளியே.

5. இரண்டாம் கட்டை வைத்து, அடுத்த வரிசையின் நான்காம் துளையால் உள்ளே போய், அதே முறையில் மேலே ஏறி முதல் துளையால் வெளியே வாருங்கள். தொங்கும் நூலோடு இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

6. மூன்றாம் கட்டிலிருந்து, ஒவ்வொரு கட்டும் முடிகிற இடத்தில் முந்தின இரண்டு கட்டுகளையும் இணைக்கும் நூலுக்கு அடியால் ஊசியைக் கொடுத்து ஒரு கண்ணி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஐந்தாம் கட்டின் முடிவில் கண்ணி போட்டு, ஊசியை உள்ளே எடுத்து உட்தையலில் முடியுங்கள்.

நூலை இழுக்கும்போது மடிப்பின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். தாளுக்குக் குறுக்கே இழுத்தால் துளை கிழியும். தொடங்குகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் கெடுப்பது இந்த இடத்தில்தான். சரியாகத் தைத்தால் கொப்பி மேசையில் தட்டையாக விரியும். எந்திரம் வரைகிறவருக்கு அது மிக முக்கியம், நடுமடிப்பில் கோடு வளையாது.

நான்கு மை

எல்லா மைக்கும் பொதுவாக ஒரு பிசின் கரைசல் வேண்டும். வேலம்பிசின் அல்லது விளாம்பிசின் 10 கிராமை 20 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிசின் குறைந்தால் எழுத்து விரலோடு வரும். கூடினால் வெயில் இடத்தில் வெடிக்கும், நம் இடத்தில் ஈரம் குடித்துப் பசையாகி எதிர்ப் பக்கத்தோடு ஒட்டும். ஆகவே மலையில் எப்போதும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

பாத்திரம் எனாமலோ மண்சட்டியோ துருப்பிடிக்காத எஃகோ இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். மை காய்ச்சிய பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

*தேயிலை மை.* புதிதாகத் தொடங்குகிறவர் இதிலிருந்து தொடங்கலாம், வேண்டிய பொருள் தோட்டத்து ஒவ்வொரு லயத்து வீட்டிலும் இருக்கிறது. டஸ்ட் தேயிலை 20 கிராமை 200 மில்லிலீற்றர் மழைத்தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடி ஓர் இரவு வையுங்கள். இரண்டு தரம் வடிகட்டி, 80 மில்லிலீற்றர் வரும்வரை சிறு தீயில் வற்றவிடுங்கள். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதி என்ற இரும்புச் சரக்கு 2 கிராமைத் தனியாகக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, ஆறின சாயத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செம்பழுப்பாக இருந்த சாயம் கண்ணெதிரே கருக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேருகிற வேலை அது. கடைசியில் பிசின் கரைசல் ஒரு தேக்கரண்டி.

எழுதும்போது மை வெளிறியே தெரியும். காற்றுப் பட்டு இரும்பு மாறி, மறுநாள்தான் முழுக் கறுப்பு வரும். அதைத் தெரியாமல் இன்னும் அன்னபேதி போட்டுவிடுகிறார்கள். இரும்பு மிஞ்சினால் சில காலத்தில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும், பிறகு கோடு போட்ட இடம் அப்படியே உதிர்ந்து கடதாசியில் ஓட்டையாகும்.

அன்னபேதி வெளிறிய பச்சை நிறமாக இருக்க வேண்டும். மஞ்சளாக, பழுப்பாக மாறியிருந்தால் பழசு. நீல நிறப் படிகம் தந்தால் அது மயில்துத்தம், செம்புச் சரக்கு, திருப்பிக் கொடுங்கள். தராசு இல்லையென்றால், தட்டிச் சமப்படுத்திய ஒரு தேக்கரண்டி அன்னபேதி ஏறக்குறைய 5 கிராம்.

*கடுக்காய் மை.* நிலைத்து நிற்க வேண்டிய எழுத்துக்கு இதுதான். கொட்டை நீக்கிய கடுக்காய் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து (மாவாக இடித்தால் வடியாது) 300 மில்லிலீற்றர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிடுங்கள். சிறு தீயில் 200 ஆக வற்றவிட்டு வடிகட்டி, 6 கிராம் அன்னபேதியைக் கரைத்து ஊற்றுங்கள். பிசின் கரைசல் இரண்டு தேக்கரண்டி, தட்டிய கராம்பு நான்கு. கராம்பு மையைக் கெடாமல் காக்கும். ஒரு வாரம் மூடிவைத்து, அடி மண்டியை விட்டுத் தெளிந்ததை மட்டும் கறுத்த போத்தலில் எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அன்னபேதி கிடைக்காத இடத்தில் துரு ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் போட்டும் இரும்புச் சாறு எடுக்கலாம். ஆனால் அதன் வலு ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ஆணி போட்ட போத்தலின் மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும்.

*தீபமை.* எந்திரம் எழுத இதற்கு மிஞ்சின மை கிடையாது. கரி வெளிறாது, கடதாசியை அரிக்காது. ஆமணக்கெண்ணெய் விளக்கில் தடித்த பஞ்சுத் திரி இட்டு, சுடரின் நுனி தொட்டும் தொடாமலும் செப்புத் தட்டு அல்லது புது மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தட்டு மிகத் தாழ்ந்தால் புகை எண்ணெய்ப் பசையோடு பழுப்பாகப் படியும். உயர்ந்தால் காற்றோடு போகும். ஜன்னல் திறந்த இடம் வேண்டும், ஆனால் காற்று சுடரை அலைக்கக் கூடாது. கோழி இறகால் வழித்தெடுங்கள். ஒரு தேக்கரண்டி சேரச் சில இரவுகள் போகும். சேர்த்த கரி விரலில் பிசுபிசுத்தால், சிறு தகர டப்பாவில் அடைத்து மூடியில் ஓர் ஊசித்துளை இட்டு, தணலில் அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெய் எரிந்துபோகும். முழுதும் ஆறுமுன் திறந்தால் கரி பற்றிக்கொள்ளும்.

கரி தண்ணீரோடு சேராது, மேலே மிதக்கும். முதலில் சில சொட்டுச் சாராயம் விட்டுக் குழைக்க வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று மை அரைக்க நினைத்தால் முந்தின நாளே வாங்கிவையுங்கள், அன்றைக்குக் கடை திறக்காது. குழைந்த கரி ஒரு தேக்கரண்டிக்குப் பிசின் கரைசல் ஒரு தேக்கரண்டி சேர்த்து, வழுவழுப்பான கல்லில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அரையுங்கள். மந்திரம் சொல்லி அரைக்கிறவர்கள் உருவை (திரும்பத் திரும்பச் செபிக்கும் எண்ணிக்கையை) இந்த நேரத்தில்தான் ஏற்றுவார்கள். அரைத்ததை வில்லையாகத் தட்டி நிழலில் உலர்த்திவிட்டால் கெடவே கெடாது. எழுதும்போது சொட்டுத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்துக்கொள்ளலாம்.

*சிவப்பு மை.* பதங்கக் கட்டை (பதிமுகம்) சீவல் 25 கிராமை 400 மில்லிலீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, 100 ஆக வற்றவிட்டு, படிகாரம் 2 கிராம், பிசின் கரைசல் ஒரு தேக்கரண்டி. எலுமிச்சஞ் சாறு பட்டால் மஞ்சளாகிவிடும். ஊசிமுனையளவு சுண்ணாம்பு சேர்த்தால் இரத்தச் சிவப்புக்கு ஏறும். இரும்பு மை தொட்ட பேனையை இதில் நனைத்தால் முழுப் போத்தலும் கருத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க முடியாது, அளவாகக் காய்ச்சுங்கள். வெயிலில் வெளிறும், மூடிய கொப்பிக்குள் நிற்கும். செஞ்சந்தனத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து நிறம் வரவில்லை என்கிறவர்களுக்கு: அதன் சிவப்பு சாராயச் சத்தில்தான் இறங்கும்.

மஞ்சள் கரைசலால் எழுதலாம், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் மறையும். காணிக்கை எழுத்துக்குச் சரி, குறிப்புக்கு உதவாது.

தொடக் கூடாதவை

பழைய ஏடுகளில் இலிங்கம், அரிதாரம், மனோசிலை சேர்த்து மை அரைக்கச் சொல்லியிருக்கும். இலிங்கம் பாதரசச் சரக்கு, மற்ற இரண்டும் பாஷாணம். அரைக்கும்போது எழும் தூசியே உடம்புக்குள் போகும். பெரியவர்கள் எழுதிவைத்தது என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். ஊமத்தை, அலரி, எருக்கம்பால் மையில் சேர்ப்பதும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். அதைக் கரைத்துச் சிவப்பு மை என்று எழுதினால் ஈரத்தில் பக்கம் முழுக்க இளஞ்சிவப்பாகக் கசியும்.

அன்னபேதி சிறு பிள்ளைகளுக்கு விஷம். ஒரு தேக்கரண்டி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. லயத்து அறையில் தேத்தண்ணி போலத் தெரிகிற கறுத்த திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. பெயர் ஒட்டி, பூட்டி வையுங்கள்.

எழுதிக் கழுவிக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் உண்டு. முஸ்லிம்கள் பீங்கான் எழுதும்போது குங்குமப்பூவும் பன்னீரும் கொள்வார்கள். அந்த வேலைக்கு இங்கே சொன்ன மை எதுவும் ஆகாது. சமையலுக்கு ஆகிற மஞ்சள் அல்லது குங்குமப்பூ, சுத்தமான பீங்கான், அவ்வளவே. காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்தாலும் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

வெற்றிலையில் மை வெளிச்சம் பார்க்க, அதாவது மை தடவிக் குறி பார்க்க, விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைப்பார்கள். அது எழுதும் மை அல்ல, கடதாசியில் எண்ணெய் வளையமாக ஊறும். வெற்றிலையோடு நிறுத்துங்கள், கண்ணிலோ குழந்தை நெற்றியிலோ வேண்டாம்.

எழுதுகோல்

இரும்பு மையை ஊற்றுப் பேனையில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும், முள்ளும் அரிக்கும். தோய்த்து எழுதும் முள்ளும் மூங்கிற் குச்சியும் போதும். பென்சில் தடிப்பில் காய்ந்த மூங்கிலை ஒரு சாணுக்கு வெட்டி, நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவில் ஒரு சென்ரிமீற்றர் பிளந்துவிடுங்கள். பிளவு இல்லாவிட்டால் மை ஒரேயடியாகச் சொட்டும். எந்திரத்துக்கு மாதுளங்குச்சி பிடிப்பது வழக்கம். பச்சைக் குச்சியை ஒரு வாரம் நிழலில் உலர்த்திவிட்டுச் சீவுங்கள், பச்சையாகச் சீவினால் நுனி நார் நாராகப் பிரியும்.

ஓலையில் எழுத ஆசை உள்ளவர்களுக்கு

மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளித் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டதாக வரலாறு. இன்றும் அங்கே தாளிப்பனை ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். கண்டிப் பக்கம் பதப்படுத்திய ஓலையை வாங்கிக்கொள்வது புத்தி, பதப்படுத்துவது தனிக் கலை. ஓலையில் மை கொண்டு எழுதுவதில்லை. எழுத்தாணியால் கீறிவிட்டு, எண்ணெயில் குழைத்த கரியைத் தடவி, தவிட்டாலோ குரக்கன் மாவாலோ துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும், அதனால்தான் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. நீங்களும் புள்ளியை மெல்லத் தொட்டு எடுங்கள்.

எழுதும் ஒழுங்கு

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும். அடுத்த மூன்று பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு வெறுமையாக விடுங்கள். கொப்பி நிறைந்தபின் தேட முடியாமல் திண்டாடுகிறவர்கள் இதை விட்டவர்கள்தான். வலப்பக்கத்தில் மந்திரமோ எந்திரமோ, இடப்பக்கத்தில் நாள், திதி, செய்த இடம், ஆளின் பெயர் இல்லாமல் காரியம், பலன். பலனுக்கு இடம் விட்டு, நாற்பத்தெட்டு நாள் கழித்து நிரப்புங்கள். பலிக்காததையும் எழுதுங்கள், அதுதான் அடுத்த முறைக்கு வழி. முனியாண்டிக்கும், தேயிலைத் தொழிற்சாலைக் காவல் தெய்வமான ரோதை முனிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் படையல் வேறுபடும். யாரிடம் கேட்டு எழுதினீர்கள் என்பதையும் அவர் சம்மதத்தோடு குறித்துவிடுங்கள்.

எந்திரத்தைப் பென்சிலால் மெல்ல வரைந்து, அறைகளின் எண் கூட்டைச் சரிபார்த்தபின் மை தொடுங்கள். மூன்றுக்கு மூன்று சதுரத்தில் 1 முதல் 9 வரை வந்தால் எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டும். ஒரு கோட்டை இடையில் பேனை எடுக்காமல் இழுப்பது மரபு. அதற்கு முள்ளில் மை போதுமா என்று பக்கத்துத் துண்டுக் கடதாசியில் முதலில் இழுத்துப் பாருங்கள். எழுதின பக்கத்தை மறுநாள்வரை மூடாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

வைத்துக் காப்பது

பிஸ்கட் டின் ஒன்று போதும். வெறுஞ்சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி இரண்டு கைப்பிடியைத் துணியில் முடிந்து அடியில் வைத்து, மேலே மஞ்சள் துணியில் சுற்றிய கொப்பி. அரிசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வறுங்கள். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் பூச்சியை அண்டவிடாது. வேப்பிலை சருகாக நொறுங்க வேண்டும், பச்சை இலை வைத்தால் அதன் ஈரமே பூஞ்சணத்தைக் கொண்டுவரும். சாமிப் படத்துக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள், லயத்துச் சுவர் மழையில் வியர்க்கும்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, வித்து தாளுக்குள் இறங்கிவிடும். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, கொப்பியை வெளியே நிழலில் விரித்து, காற்றில் முழுதாக உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தட்டிவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் பூஞ்சணத்தோடு சிவப்பு மையும் போய்விடும். கட்டு ஒன்று மீள முடியாமல் கெட்டிருந்தால் அதன் தையலை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, புதுக் கட்டில் பார்த்து எழுதி அதே துளைகளில் தைத்துக்கொள்ளலாம்.